முரசைத் திருத்தலும் பல்லை மீட்டலும்: உடப்புக் கரையை முன்வைத்து ஒரு விளக்கம்

பல்லின் கழுத்தைச் சூழ்ந்து பற்றி நிற்கும் மென்றசையை ஈழத்தமிழர் முரசு என்பர். தமிழகத்தார் ஈறு என்பர். பல்லைக் குறிக்கும் எயிறு என்ற பழஞ்சொல்லுடன் ஈறு என்பது உறவுடையதெனக் கொள்ள இடமுண்டு. அங்ஙனமாயின், பல்லும் அதனைத் தாங்கும் தசையும் ஒன்றைவிட்டு ஒன்று நில்லா என்பதை மொழியே ஒருவாறு உணர்த்துகின்றது எனலாம். நம் புலவர்கள் முத்தையும் முல்லையரும்பையும் மயிலிறகின் அடியாகிய முருந்தையும் பல்லுக்கு உவமையாக்கினர். அப்பல்லுக்குச் சட்டமிட்டாற்போல நிற்கும் முரசின்மேல் அத்துணைக் கவனஞ் செலுத்தினாரல்லர். மக்கள் வழக்கிலும் முரசு நினைவுக்கு வருவது பெரும்பாலும் அது வீங்கும்போதும், குருதி கசியும்போதும், 'கரையும்'போதுமே.

இம்முரசினை வெட்டியும் ஒதுக்கியும் திருத்தியமைக்கும் சிகிச்சையை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். அச்சிகிச்சை இரு தேவைகளின் பொருட்டுச் செய்யப்படுகின்றது. சிரிக்குங்கால் முரசு மிகுதியாகத் தெரிதல், பற்கள் குட்டையாகத் தோன்றுதல் முதலாய குறைகளை நீக்குதல் ஒன்று. முரசின் மட்டத்திலோ அதற்குக் கீழோ உடைந்துபோன, அல்லது சூத்தையால் அரிக்கப்பட்ட பல்லை வெளிக்கொணர்ந்து, அதன்மேல் உறையிடத்தக்கதாக ஆக்குதல் மற்றொன்று. முன்னையது நகரத்துத் தனியார் சிகிச்சை நிலையங்களின் விளம்பரங்களால் ஓரளவு அறியப்பட்டுள்ளது. பின்னையது படித்தவரிடையேயும் அறியப்படாதது. 'இனிப் பிடுங்க வேண்டியதுதான்' என்று பல்லுக்குரியவரே முடிவு செய்துவிடும் பற்களுள் ஒரு பகுதி, சில மில்லிமீற்றர் அளவான முரசையும் அதன்கீழ் உள்ள என்பையும் திருத்துவதாற் காப்பாற்றத்தக்கவை. இவ்வொரு செய்தி கரையோரக் கிராமமொன்றுக்குச் சென்றடையுமாயின் எம் முயற்சி பயனுடையதாகும்.

கிராமம் என்று பொதுவாகக் கூறாது உடப்பை எடுத்துக்கொண்டமைக்குக் காரணம் உண்டு. புத்தளம் மாவட்டத்தில், சிலாபத்துக்கும் புத்தளத்துக்கும் இடையே, முந்தல் பிரதேசத்துக் கடலோரத்தில் அமைந்த தமிழ் ஊர் அது. திரௌபதையம்மன் ஆலயத்துத் தீமிதிப்பும் கரைவலைத் தொழிலும் அவ்வூரின் பெயரைப் பிறர்க்கு அறிவித்தன. கரைவலை என்பது பலர் ஒருங்கே கூடிக் கயிறு பிடித்து இழுக்கும் தொழில். அன்று கரைக்கு வந்தவனுக்கே அன்றைய பங்கு. அரசினர் வைத்தியசாலைகள் சிலாபத்திலும் புத்தளத்திலும் உள்ளன. ஆயினும் பற்சிகிச்சையின் சிறப்புத் துறைகள் அனைத்தும் ஒருங்கே அமைந்த போதனா வைத்தியசாலைகளை நாடின், பேராதனைக்கோ கொழும்புக்கோ செல்ல வேண்டும். ஒரு பல்லைப் பிடுங்குவதற்கு ஒரு வருகை போதும். அதனை மீட்பதற்குப் பல வருகைகள் வேண்டும். அரசினர் வைத்தியசாலையிற் கட்டணமில்லை என்பது உண்மையே. பேருந்துச் செலவும் இழந்த நாட்பங்கும் கட்டணமல்லவா? பல்லின் விதியை நிர்ணயிப்பது நோயின் கடுமை மட்டுமன்று, தூரமும் பருவமுங்கூட என்பதை இத்தகைய ஊரை மனத்திற்கொண்டு நோக்கும்போதே நாம் தெளிவாக உணர்கின்றோம்.

இனி முரசின் அமைப்பை நோக்குவோம். பல்லின் வெளியே தெரியும் பகுதி முடி. தாடை என்பினுள் அமிழ்ந்திருப்பது வேர். இரண்டும் கூடுமிடம் கழுத்து. முடியை மூடியிருப்பது மிளிரி. வேரை மூடியிருப்பது சீமெந்து எனப்படும் மெல்லிய படை. இரண்டுக்கும் உள்ளே பன்முதலும், அதன் நடுவே நரம்பும் குருதிக்கலன்களும் கொண்ட மச்சையும் உள்ளன. முரசின் விளிம்பு பல்லோடு முற்றாக ஒட்டியிருப்பதன்று. பல்லுக்கும் விளிம்புக்கும் இடையே ஒரு சிறு பள்ளம் உண்டு. நலமான முரசில் அதன் ஆழம் 1 முதல் 3 மில்லிமீற்றர் வரை இருக்கும். பள்ளத்தின் அடியிலே மேலணி இழையம் பல்லைப் பற்றுகின்றது. அதற்கும் கீழே தொடுப்பிழையத்தின் நார்கள் வேரின் சீமெந்தினுட் புகுந்து பற்றுகின்றன. அதன்பின்னரே என்பின் விளிம்பு வரும். நலமான வாயில் அவ்விளிம்பு பல்லின் கழுத்துக்கு ஏறத்தாழ 2 மில்லிமீற்றர் கீழே நிற்கும்.

பள்ளத்தின் அடிக்கும் என்பின் விளிம்புக்கும் இடைப்பட்ட அந்தப் பற்றுப் பகுதியே இச்சிகிச்சைக்கெல்லாம் அச்சாணி. 1961 இல் கார்கியுலோ, வென்ற்ஸ், ஓர்பன் என்னும் மூவர் இறந்தோரின் தாடைகளை ஆய்ந்து, மேலணிப் பற்று சராசரி 0.97 மில்லிமீற்றர் என்றும் நார்ப்பற்று சராசரி 1.07 மில்லிமீற்றர் என்றும் அளந்து கூறினர். இரண்டுங் கூட ஏறத்தாழ 2 மில்லிமீற்றர். இவ்வளவு 'உயிரியல் அகலம்' என்னும் பெயரால் வழங்கலாயிற்று. 2018 இல் வெளியான புதிய வகைப்பாடு அதனை என்பு விளிம்புக்கு மேலான இழையப் பற்று என்ற பொருளில் வேறு பெயரால் அழைக்கின்றது. பெயர் எதுவாயினும் விதி ஒன்றே. இவ்விரண்டு மில்லிமீற்றரை உடல் விட்டுக்கொடாது. உறையின் விளிம்பையோ நிரப்பியின் விளிம்பையோ வைத்தியர் இப்பகுதிக்குள் நுழைத்தாராயின், முரசு ஆறாது சிவந்து குருதி கசியும். அல்லது என்பு தானே கரைந்து கீழிறங்கித் தனக்கு வேண்டிய இடத்தைத் தேடிக்கொள்ளும். உறை போட்ட பல்லைச் சுற்றி ஆண்டுக்கணக்காக முரசு வீங்கியே இருப்பதைக் கண்டு 'உறை ஒத்துக்கொள்ளவில்லை' என்பார் உளர். பல வேளைகளில் ஒத்துக்கொள்ளாதது உறையன்று, அதன் விளிம்பு நிற்கும் இடமே.

இதனை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குவோம். வலைநூலைப் பல்லாற் கடித்தறுக்கும் வழக்கம் கடற்றொழிலாளர், தையற்காரர் போன்றோரிடையே காணப்படுவது. அதனால் முன்பற்களின் விளிம்பிற் பள்ளங்கள் விழுவதுண்டு. ஏற்கெனவே சூத்தை விழுந்த பல்லாயின் முடியே சரிந்துவிடுவதும் உண்டு. ஒருவருக்கு மேல் வேட்டைப்பல்லின் முடி முற்றாக உடைந்து, முரசின் மட்டத்தில் வேர் மட்டும் எஞ்சியுள்ளது எனக் கொள்வோம். நலமான பற்பகுதி என்பு விளிம்புக்கு மேலே 3 மில்லிமீற்றர் மட்டுமே நிற்கின்றது. உறையின் விளிம்பு என்பிலிருந்து 3 மில்லிமீற்றர் தள்ளி நிற்க வேண்டும். பற்றுக்கு இரண்டும் பள்ளத்துக்கு ஒன்றும் என்பது கணக்கு. அதற்குமேல் உறை தழுவிப் பிடிப்பதற்கு 1.5 முதல் 2 மில்லிமீற்றர் வரை நலமான பற்சுவர் சுற்றிவர வேண்டும். வண்டிச் சில்லின் மரத்தை இரும்புப் பட்டம் இறுக்கிப் பிடிப்பதுபோல உறை அச்சுவரைப் பிடித்தாலன்றிக் கடிக்கும் விசையில் வேர் பிளக்கும். ஆகவே என்பிலிருந்து 4.5 மில்லிமீற்றராவது பல் வெளியே நிற்க வேண்டும்; இருப்பதோ மூன்று. குறைவு 1.5 மில்லிமீற்றர். பல்லை உயர்த்த முடியாதெனின் முரசையும் என்பையும் அவ்வளவு தாழ்த்த வேண்டும். இதுவே முடிநீட்டச் சத்திரசிகிச்சை எனப்படுவது. முடி உண்மையில் நீள்வதில்லை, கரை தாழ்கின்றது.

தாழ்த்துவதற்கும் ஓர் எல்லை உண்டு. மேல் வேட்டைப்பல்லின் முடி சராசரி 10 மில்லிமீற்றர், வேர் சராசரி 17 மில்லிமீற்றர். என்பு கழுத்துக்கு 2 மில்லிமீற்றர் கீழே நிற்பதால், என்பினுள் இருப்பது 15, வெளியே நிற்பது 12. என்பை 1.5 மில்லிமீற்றர் தாழ்த்தினால் உள்ளே 13.5, வெளியே 13.5. உள்ளிருப்பது வெளியிருப்பதற்குச் சமமாயேனும் இருத்தல் வேண்டும் என்பது வைத்தியர் நெடுங்காலமாகக் கைக்கொள்ளும் பொதுவிதி. ஆகவே இப்பல் எல்லையைத் தொட்டு நிற்கின்றது, மீட்கலாம். இனி அதன் அருகே உள்ள பக்க வெட்டும்பல்லை எடுத்துக்கொள்வோம். அதன் முடி ஏறத்தாழ 9, வேர் ஏறத்தாழ 13. என்பினுள் 11, வெளியே 11. அப்பல் தொடக்கத்திலேயே எல்லையில் நிற்கின்றது; செலவழிக்க அதனிடம் மிச்சமில்லை. நீக்கப்படும் ஒவ்வொரு மில்லிமீற்றரும் உள்ளே ஒன்றைக் குறைத்து வெளியே ஒன்றைக் கூட்டுவதால் கணக்கு இருமுறை கெடுகின்றது என்பதைக் கவனிக்க வேண்டும். பொதுவிதிக்குச் சற்றுக் குறைந்த பற்களும் நலமான முரசிலும் மென்மையான கடியிலும் நின்று பிடிப்பதுண்டு. ஆயினும் அதனை நம்பி எல்லாப் பல்லையும் வெட்டப் புகுதல் கூடாது.

இத்தகைய பல்லுக்கு வேறொரு வழி உண்டு. பல் நிரைப்புச் சிகிச்சையிற் பயன்படும் கம்பி முதலியவற்றால் எஞ்சிய வேரைச் சில வாரங்களில் மெல்ல வெளியே இழுத்தெடுத்துப் பின்னர் உறையிடுவது அது. இதில் உள்ளிருக்கும் நீளம் குறையுமேயன்றி வெளியே நிற்கும் நீளம் கூடுவதில்லை. அயற்பற்களின் என்பையும் தொட வேண்டுவதில்லை. ஆனால் வருகைகள் மிகும். கடைவாய்ப்பற்களிலோ வேறொரு தடை: வேர்கள் கிளைவிடும் இடத்தை என்பு மறைத்து நிற்கின்றது, அதனைத் தாழ்த்தினாற் கிளைச்சந்து வெளிப்பட்டு, தூரிகை புகாத குகையாகிவிடும். அந்நிலையில் பல்லைப் பிடுங்குவதே நேர்மையான ஆலோசனை. பிடுங்கலை எப்போதும் தோல்வியெனக் கருதல் தவறு. ஆராயாது பிடுங்கலே தவறு.

சத்திரசிகிச்சை நடைபெறும் முறையைச் சுருங்கக் கூறுவோம். முதலில் எக்ஸ் கதிர்ப் படத்தால் வேரின் நீளமும் என்பின் மட்டமும் அறியப்படும். மச்சை பாதிக்கப்பட்டிருப்பின் வேர்க்கால்வாய்ச் சிகிச்சையும் உரிய கட்டத்தில் நிறைவேற்றப்படும். விறைப்பூசி இட்டபின் அளவுகோலிட்ட மெல்லிய கருவியொன்றை முரசின் ஊடாக என்பு தட்டும்வரை செலுத்தி ஆழம் அளப்பர். பின்னர் முரசின் விளிம்பைச் சரிவாக வெட்டி, மடலாக ஒதுக்கி, என்பை நீர் பாய்ச்சிக்கொண்டே சிறுகச் சிறுகச் சீவுவர். நீர் பாய்ச்சாவிடின் சுழலும் கருவியின் வெப்பம் என்பை இறக்கச் செய்யும். உடைந்த பல்லின் பக்கத்தில் மட்டும் குழிவிழச் சீவாது, அயற்பற்களின் என்போடு இசைவாகச் சரிந்து செல்லுமாறு அமைத்தல் வேண்டும். மடலைத் தாழ்த்திப் பொருத்தித் தையலிட்டால் வேலை முடிந்தது. ஏறத்தாழ ஒரு வாரத்தில் தையல் அகற்றப்படும். நலமான வாயினர்க்கு இது உயிருக்கு அச்சம் தரும் சத்திரசிகிச்சையன்று. ஆயினும் குருதி உறையாதிருக்க மருந்து உட்கொள்வோரும், நீரிழிவு கட்டுப்படாதோரும் முன்கூட்டியே அதனை வைத்தியரிடம் கூறுதல் இன்றியமையாதது.

என்பைத் தொடாது முரசை மட்டும் வெட்டும் முறையே காலத்தால் முந்தியது. பிரான்சு நாட்டுப் பியர் போஷார் 1728 இல் வெளியிட்ட பற்சத்திர நூல் இத்துறையைத் தனிக் கல்வியாக நிறுவிற்று. முரசை வெட்டும் முறை பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் உருப்பெற்று, 1950 களிற் செம்மையாக்கப்பட்டது. இம்முறை முரசு மிகுதியாக வளர்ந்துள்ள இடத்திலும், ஒட்டிய முரசு போதிய அகலம் உடைய இடத்திலும் மட்டுமே பொருந்தும். பல்லோடும் என்போடும் ஒட்டி நிற்கும் தடித்த முரசு எங்கு ஒடுங்கியுள்ளதோ அங்கு வெட்டினால், எஞ்சுவது கன்னத்தசை அசையுந்தோறும் இழுபடும் மெல்லிய சளிப்படையே. 1972 இல் லாங், லோ என்னும் இருவர், தடித்த முரசின் அகலம் 2 மில்லிமீற்றருக்குக் குறையாத இடங்களே பெரும்பாலும் நலமாய் இருந்தனவென்று கண்டனர். இன்று கத்திக்குப் பதிலாக லேசரும் மின்கருவியும் பயன்படுகின்றன. குருதி குறைவு, தையல் வேண்டுவதில்லை என்பன அவற்றின் வசதிகள். அளவைப் பற்றிய விதியை அவை மாற்றிவிடுவதில்லை. 'லேசர்' என்ற சொல்லைக் கேட்ட மாத்திரத்தே விலையை ஒப்புக்கொள்வோர் இதனை நினைவிற் கொள்க.

தோற்றத்தின் பொருட்டுச் செய்யப்படும் திருத்தத்துக்கு இப்போது வருவோம். சிரிக்குங்கால் மேற்பற்களுக்கு மேலே முரசு 3 அல்லது 4 மில்லிமீற்றருக்கு மேல் தெரிந்தால் அதனை முரசுச் சிரிப்பு என்பர். இது நோயன்று. அதற்குக் காரணங்கள் பல. பல் முளைத்து முடிந்தபின் முரசு பின்வாங்கித் தன் இடத்துக்குச் செல்ல வேண்டும். சிலரில் அது பாதியில் நின்றுவிடுகின்றது. அவர்தம் முடியின் ஒரு பகுதி முரசினுள் மறைந்திருப்பதால் நடுப்பற்கள் சதுரமாகவும் குட்டையாகவும் தோன்றும். இங்கு முரசுத் திருத்தம் நல்ல பயன் தரும்; மறைந்திருக்கும் பல்லையே வெளிப்படுத்துகின்றோமாதலின். வேறு சிலரில் மேற்றாடை என்பே நீண்டிருக்கும். இன்னுஞ் சிலரில் மேலுதடு குட்டையாகவோ மிகுதியாக உயர்வதாகவோ இருக்கும். இவர்களது முரசை வெட்டினால் வெளிப்படுவது மிளிரியன்று, வேர். வேர் மஞ்சள் நிறத்தது. குளிர்நீர் பட்டாற் கூசுவது. எளிதிற் சூத்தை பற்றுவது. ஆகவே கழுத்து எங்கே உள்ளது என்று கருவியால் தொட்டறியாத திருத்தம் அழகுச் சிகிச்சையாகாது.

அழகின் அளவைகளையும் நூல்கள் வகுத்துள்ளன. மேல் நடுப்பல்லின் அகலம் அதன் நீளத்தில் ஏறத்தாழ நூற்றுக்கு 75 முதல் 80 வரை. நடுப்பல்லின் முரசு விளிம்பும் வேட்டைப்பல்லின் விளிம்பும் ஒரே மட்டத்தில் நிற்க, இடைப்பட்ட பல்லின் விளிம்பு சற்றே தாழ்ந்து நிற்றல். இவை பயனுள்ள வழிகாட்டிகள், கட்டளைகளல்ல. முரசின் நிறம் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டியுள்ளது. நம்மவர் பலரின் முரசு கருமை படர்ந்தது. தோலின் கருமைக்குக் காரணமான மெலனினே இதற்கும் காரணம். இளஞ்சிவப்பு முரசே நலமான முரசு என்று பிறநாட்டுப் படநூல்களைப் பார்த்துக் கொண்ட எண்ணத்தால், இக்கருமையை நோயென அஞ்சிச் சுரண்டுவிக்க வருவோர் உளர். சுரண்டினும் காலப்போக்கில் நிறம் மீள்வதுண்டு. விரும்புவோர் செய்துகொள்ளட்டும், நோயென்று சொல்லி அதனை விற்பதை நாம் ஏற்கோம். அதற்கு மாறாக, முன்னர் இல்லாத கரும்புள்ளி ஓரிடத்தில் மட்டும் புதிதாகத் தோன்றிப் பெருகுமாயின் வைத்தியரிடம் காட்டுதல் வேண்டும்.

முரசு மிகையாக வளர்வதற்கு மருந்துகளும் காரணமாகும். வலிப்பு நோய்க்குரிய பெனிற்றோயின் முரசைப் பெருக்கும் என்பது 1939 இல் அறிவிக்கப்பட்டது. உறுப்பு மாற்றப்பட்டோர் உட்கொள்ளும் சைக்ளோஸ்போரினும், உயர் குருதியமுக்கத்துக்குத் தரப்படும் நிபெடிப்பின், அம்லோடிப்பின் ஆகியனவும் அத்தகையன. எல்லோர்க்கும் அவ்வாறு ஆவதில்லை. பல்லழுக்கு மிகுந்த வாயிலேயே வளர்ச்சியும் மிகும். பிள்ளையின் முரசு பல்லை மூடி வளர்வதைக் கண்டு வலிப்பு மருந்தைத் தாமாகவே நிறுத்திவிடுதல் உயிராபத்தானது. மருந்தை மாற்றலாமா என்பதை அம்மருந்தைத் தந்த வைத்தியரே தீர்மானிக்க வேண்டும். அதன்பின்னரும் எஞ்சும் வளர்ச்சியை வெட்டிச் சீர்செய்யலாம். ஆனால் மருந்து தொடருமாயின் மீண்டும் வளரக்கூடும்.

முரசைத் திருத்தி மீட்கப்படும் பல் எத்தனை ஆண்டு நிற்கும் என்பது கத்தியைவிட அம்முரசின் நலத்தையே பொறுத்தது. இதற்கு உலகு முழுவதும் மேற்கோள் காட்டப்படும் சான்று நம் நாட்டிலேயே, அதுவும் தமிழ்த் தொழிலாளரின் வாயிலிருந்தே எடுக்கப்பட்டது என்பது நம் மாணவர் பலரும் அறியாதது. நோர்வே நாட்டவரான ஹரால்ட் லோ 1965 இல் தம் துணைவரோடு வெளியிட்ட ஆய்வில், நலமான முரசுடைய 12 பேர் பல் துலக்குவதை நிறுத்தினர். 10 முதல் 21 நாள்களுள் அனைவருக்கும் முரசு அழற்சி தோன்றிற்று. மீண்டும் துலக்கத் தொடங்கியதும் ஏறத்தாழ ஒரு வாரத்தில் மறைந்தது. அதன்பின் அவர் குழுவினர் ஒஸ்லோவில் கல்வி கற்ற இளைஞரையும், 1970 முதல் இலங்கை மலைநாட்டில் 480 தேயிலைத் தோட்டத் தொழிலாளரையும் பல ஆண்டுகள் தொடர்ந்து பரிசோதித்தனர். பின்னவர் அனைவரும் ஆண்கள்; பற்றூரிகை அறியாதோர்; பற்சிகிச்சை கிட்டாதோர். 1986 இல் வெளியான முடிவின்படி, அவர்களுள் நூற்றுக்கு 8 பேரில் பற்றின் அழிவு விரைந்தும், 81 பேரில் மிதமாகவும் சென்றது. எஞ்சிய 11 பேரில் முரசு அழற்சி இருந்தும் அழிவு ஆழச் செல்லவில்லை. விரைந்தழிந்தோர் 45 வயதளவில் தம் பற்கள் அனைத்தையும் இழந்தனர். மிதமானோர் அவ்வயதளவில் ஏறத்தாழ 7 பற்களை இழந்தனர்.

நூல்கள் இதனை 'முரசு நோயின் இயற்கைப் போக்கு' என்று எழுதுகின்றன. இயற்கைப் போக்கைக் காண முடிந்தமைக்குக் காரணம், அத்தொழிலாளரின் வாழ்வில் அப்போக்கைத் தடுக்கும் சிகிச்சை எதுவும் குறுக்கிடாமையே என்பதையும் வாசகர் எண்ணிப் பார்த்தல் தகும். நாற்பது ஆண்டுகளின்பின், 2010 இல், அவர்களுள் 75 பேர் மீண்டும் பரிசோதிக்கப்பட்டு முடிவுகள் 2017 இல் வெளியாயின.

இவ்வாய்வு எம் பொருளுக்குத் தரும் பாடம் தெளிவானது. பற்காறை படிந்து குருதி கசியும் முரசில் முதற்கண் செய்ய வேண்டியது வெட்டலன்று, துப்புரவு. அழற்சி தணிந்தபின் முரசு தானே சுருங்கும். அதன்பின் அளந்தால் வெட்ட வேண்டிய அளவு குறைந்தோ இல்லாமலோ போகலாம். முரசு கரைந்து வேர் ஏற்கெனவே வெளிப்பட்டவருக்கோ தேவைப்படுவது இதற்கு எதிர்மாறான சிகிச்சை: மேலண்ணத்திலிருந்து தொடுப்பிழையத்தை எடுத்து வேரின்மேல் ஒட்டி மூடுதல். 1985 முதல் இம்முறை செம்மையாக வழங்குகின்றது. பற்களுக்கு இடைப்பட்ட என்பும் முரசும் அழியாதிருப்பின் நன்கு மூடும். அவை அழிந்திருப்பின் முழுதும் மூடாது.

வெற்றிலை பற்றிக் கூறாது இப்பொருளை முடித்தல் இயலாது. கரையோரத்திலும் தோட்டங்களிலும் நெடுநேர உழைப்பின் துணையாக வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, புகையிலை மெல்லப்படுகின்றன. இலங்கை ஆண்களிடையே மிகுதியாகக் காணப்படும் புற்றுநோய் வாய்ப்புற்று. புகையிலை சேராத வெற்றிலைக் கூட்டும் புற்றுநோய் விளைக்கும் என உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2004 இல் அறிவித்துள்ளது. பாக்கே அதற்குக் காரணம். ஆகவே முரசிலோ கன்னத்திலோ துடைத்தாலும் போகாத வெண்படலம், செம்படலம், ஆறாத புண், அல்லது வாய் முன்போல் அகலத் திறவாமை காணப்படின், முரசை அழகாக்கும் எண்ணத்தை ஒதுக்கிவைத்து அவ்விடத்தின் சிறு துண்டை எடுத்து ஆய்வுக்கு அனுப்புதலே முதற்கடமை. புற்றின் தொடக்கத்தை முரசு வளர்ச்சியென எண்ணி வெட்டி எறிதல் மன்னிக்க முடியாத பிழையாகும்.

இறுதியாக, காலம் பற்றிய ஒரு கருத்து. வெட்டிய முரசின் மேற்பரப்பு ஒன்று இரண்டு வாரங்களில் மூடிவிடும். ஆனால் விளிம்பு தன் நிலையான இடத்தை அடையுமுன் நிரந்தர உறை இட்டால், பின்னர் முரசு நகர்ந்து உறையின் ஓரம் வெளித்தெரியும், அல்லது உள்ளே புதையும். கடைவாய்ப் பக்கத்தில் 6 முதல் 8 வாரங்களும், தோற்றம் முதன்மையான முன்பற்களில் 3 முதல் 6 மாதங்களும் காத்திருத்தல் வழக்கம். அதுவரை தற்காலிக உறை போதும். மேற்குக் கரையிற் கரைவலைக்கு உரிய அமைதியான கடல் ஏறத்தாழ ஐப்பசி தொடங்கிச் சித்திரை வரையிலேயே. வைகாசி முதல் புரட்டாதி வரை தென்மேற்குப் பருவக்காற்றாற் கடல் கொந்தளிக்கும். வேற்றுக் கரைக்குத் தொழிலுக்குச் செல்லாதார், தொழில் ஓயும் அம்மாதங்களின் தொடக்கத்தில் துப்புரவையும் சத்திரசிகிச்சையையும் முடித்துக்கொண்டால், கடைவாய்ப்பல்லாயின் அப்பருவத்துக்குள்ளேயே உறையும் இட்டுவிடலாம். முன்பல்லாயின் தற்காலிக உறையோடு கடலுக்குத் திரும்பி, ஓய்வு வாய்த்த ஒரு நாளில் நிரந்தர உறைக்குச் செல்லலாம். முதல் வருகையிலேயே வைத்தியரிடம் கேட்க வேண்டியவை சில: நலமான பற்பகுதி என்புக்கு மேலே எவ்வளவு உள்ளது, நீக்கிய பின் வேர் எவ்வளவு எஞ்சும், மொத்தம் எத்தனை வருகைகள், அவற்றுள் எவற்றை அருகிலுள்ள வைத்தியசாலையிலேயே முடிக்கலாம். தையல் அகற்றல், துப்புரவு, வேர்க்கால்வாய்ச் சிகிச்சை போன்றன சிலாபத்திலோ புத்தளத்திலோ ஆகுமா எனக் கேட்டறிந்து, எக்ஸ் கதிர்ப் படத்தையும் வைத்தியரின் கடிதத்தையும் கையோடு கொண்டு சென்றால், பேராதனைக்கோ கொழும்புக்கோ செல்லும் பயணங்கள் குறையும். சத்திரசிகிச்சைக்குப் பின் ஆறும்வரை வெற்றிலையும் புகையும் கூடா. வைத்தியர் தந்த நீரினால் வாயைக் கொப்பளித்து, அவர் சொன்ன நாளில் மென்றூரிகையால் அவ்விடத்தைத் துலக்கத் தொடங்க வேண்டும்.